கும்பிடுபூச்சிக்கு இனிப்பு: எட்டு மாதக் குறிப்புகள்

முதலில் கொன்ற கதையைச் சொல்லிவிடுகிறேன். போன மார்ச்சில், முட்டைக்கூட்டிலிருந்து வெளிவந்து மூன்று நாள்கூட ஆகாத ஒரு கும்பிடுபூச்சிக் குஞ்சு, நான் ஆசையாக வைத்த தேன் சொட்டில் கால் வைத்தது. சொட்டு ஒரு மிளகு அளவுதான் இருக்கும். காலை இழுத்தது, வரவில்லை. இழுப்பதற்காக இன்னொரு காலை ஊன்றியது, அதுவும் ஒட்டிக்கொண்டது. நான் குளித்துவிட்டு வந்து பார்த்தபோது தலை தவிர உடம்பு முழுக்கத் தேனுக்குள் கிடந்தது. தண்ணீர் தொட்ட பிரஷ்ஷால் கழுவி எடுத்தேன். கொம்பை இரண்டு தரம் ஆட்டியது, அவ்வளவுதான். பூச்சிகளுக்கு மூச்சு வாய் வழியாக இல்லை, உடம்பின் இரு பக்கமும் இருக்கும் சின்னத் துளைகள் வழியாக. அந்தத் துளைகளைத் தேன் அடைத்துவிட்டால் கழுவிப் பயனில்லை என்பது அன்றைக்குப் புரிந்தது.

திருச்சியில் எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு கறிவேப்பிலை மரம் இருக்கிறது. பிப்ரவரியில் இலை பறிக்கப் போன அம்மா, கிளையில் ஏதோ காய்ந்த நுரை மாதிரி இருக்கிறது, குளவிக்கூடா பார் என்றாள். பழுப்பு நிறம், புளியங்கொட்டையைவிடப் பெரிது, தொட்டால் தெர்மோகோல் மாதிரி. கும்பிடுபூச்சியின் முட்டைக்கூடு. குச்சியோடு ஒடித்து, பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் செங்குத்தாக நிற்க வைத்து, வாயைக் கொசுவலைத் துணியால் கட்டினேன். மார்ச் முதல் வாரத்தில் ஒரு காலையில் பார்த்தால் பாட்டிலுக்குள் குஞ்சுகள் நூல் நூலாகத் தொங்கிக்கொண்டிருந்தன. 84 வரை எண்ணினேன். அதற்குள் எண்ணியதெல்லாம் இடம் மாறிவிட்டதால் விட்டுவிட்டேன். 12 குஞ்சுகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அதே மரத்திலும் பக்கத்துச் செம்பருத்தியிலும் விட்டேன். வளர்ந்தபின் இறக்கையில் இருந்த வெள்ளைப் புள்ளியைப் பார்த்து, இது ஹைரோடூலா வகை என்று தெரிந்துகொண்டேன். நம் பக்கம் தோட்டங்களில் சாதாரணமாகப் பார்க்கிற பெரிய பச்சைப் பூச்சிதான்.

தேனுக்கு எப்படிப் போனேன் என்றால், சாப்பாடு தீர்ந்துவிட்டது. இந்த வயதுக் குஞ்சுக்குப் பழ ஈதான் சரியான இரை. குஞ்சு பொரிப்பதற்கு முன்பே ஈ வளர்ப்பு பாட்டில் இரண்டு தயார் செய்து வைத்திருந்தேன். இரண்டிலும் பொடி எறும்பு புகுந்து புழுக்களைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. புது பாட்டிலில் ஈ வர இன்னும் பத்து நாள் ஆகும். குஞ்சுகள் ஒன்றையொன்று முறைக்க ஆரம்பித்துவிட்டன.

அம்மா பார்த்துவிட்டு, "ஏண்டா, பட்டினி போட்டே கொல்லப்போறியா? பொறந்த புள்ளைக்குச் சேனை வைக்கிறதில்ல? ஒரு சொட்டு தேனத் தொட்டு வாயில வை" என்றாள்.

(கைக்குழந்தைக்கு ஒரு வயதுவரை தேனே கூடாது என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். அதை அம்மாவிடம் சொல்லி, வீட்டில் எல்லாருக்கும் சேனை வைத்த பாட்டியின் பெருமையை அரை மணி நேரம் கேட்டேன். அது வேறு கதை.)

அந்தச் சேனையில்தான் முதல் குஞ்சு போனது. கொல்லிமலைத் தேன், நல்ல கெட்டி. கெட்டியாக இருந்ததுதான் எமன்.

மறுநாள் முறையை மாற்றினேன். ஒரு பங்கு தேனுக்கு நாலு பங்கு தண்ணீர். காது குடையும் பஞ்சுக் குச்சியில் தொட்டு நீட்டினேன். இதிலும் ஒரு வில்லங்கம்: கும்பிடுபூச்சியின் பாதத்தில் கொக்கி மாதிரி நகங்கள் இருக்கின்றன, அவை பஞ்சு இழையில் மாட்டிக்கொள்கின்றன. ஒரு குஞ்சின் கால் நுனி அப்படியே போனது. அடுத்து, பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் ஓவிய பிரஷ்ஷில் இருப்பதிலேயே மெல்லியது. அதன் முடியை நாலைந்து இழை மட்டும் விட்டுக் கத்தரித்தேன். இதுதான் கடைசிவரை நின்றது. பிரஷ்ஷை நனைத்து, உதறி, எள்ளளவு ஈரம் மட்டும் நுனியில் இருக்கும்படி வாய்க்கு நேராகக் கொண்டுபோக வேண்டும். பாத்திரத்தில் ஊற்றி வைக்கவே கூடாது.

கலக்கிய தேன் தண்ணீர் எங்கள் ஊர் வெயிலில் ஒரே நாளில் புளித்துவிடும். கெட்டித் தேன் வருடக்கணக்கில் கெடாமல் இருப்பது அதில் தண்ணீர் குறைவாக இருப்பதால். தண்ணீர் சேர்த்த நிமிடமே அந்தக் காவல் போய்விடுகிறது. ஒரு தரம் சோம்பேறித்தனத்தில் முதல் நாள் கலவையைக் கொடுக்கப்போய், முகர்ந்து பார்த்தால் கள் வாசனை. அதிலிருந்து மருந்து புட்டி மூடியில் அப்போதைக்கு அப்போது கலப்பதுதான்.

ஆறாம் நாள் தோட்டத்தில் வாழைப்பழத் தோல் வைத்துப் பழ ஈ பிடிக்கக் கற்றுக்கொண்டேன். ஈ நிறைந்த பாட்டிலை ஃபிரிட்ஜில் இரண்டு மூன்று நிமிடம் வைத்தால் மரத்துப்போகும், அப்புறம் டப்பாவுக்குள் தட்டிவிடலாம். இல்லையென்றால் பாதி ஈ நம் மூக்கைச் சுற்றும். 11 குஞ்சில் 8 அதுவரை தாக்குப்பிடித்தன. தேனால் தாக்குப்பிடித்தனவா, இல்லை மற்ற மூன்றைத் தின்று தாக்குப்பிடித்தனவா என்று கேட்டால், இரண்டு காணாமல் போனதற்கு உடம்பே கிடைக்கவில்லை என்பதை மட்டும் சொல்கிறேன்.

பிறகு கொஞ்சம் படித்துப் பார்த்தேன். இரை கிடைக்காத காலத்தில் இந்தக் குஞ்சுகள் வேறு எதையாவது தின்னுமா என்று அமெரிக்காவில் சீனக் கும்பிடுபூச்சியை வைத்துச் சோதித்திருக்கிறார்கள். 2003-ல் வந்த அந்த ஆய்வில் குஞ்சுகள் மகரந்தம் தின்றிருக்கின்றன, அது அவற்றுக்குப் பயன்பட்டும் இருக்கிறது. மகரந்தத்தில் புரதம் உண்டு. தேனில் அது கிட்டத்தட்ட இல்லை. ஐந்தில் நாலு பங்கு சர்க்கரை, மீதி பெரும்பாலும் தண்ணீர். பூச்சிக்குத் தோல் உரித்து வளரப் புரதம் வேண்டும். தேனை மட்டும் நம்பினால் வண்டி ஓடும், ஆனால் ஆள் வளராது.

அடுத்தது எறும்பு. இதை எழுதக் கை வரவில்லை, ஆனால் தேன் கொடுக்க நினைக்கிறவர்கள் இதைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

ஏப்ரல் கடைசியில் ஆறு பூச்சிகள் இருந்தன, ஒவ்வொன்றும் தனித்தனி டப்பாவில். ஊறுகாய் டப்பா மாதிரி உயரமானது, மேலே கொசுவலை, உள்ளே ஒரு குச்சி. பூச்சி வலையில் தலைகீழாகத் தொங்கித்தான் தோலுரிக்கும். பழைய தோலுக்குள்ளிருந்து கீழ்நோக்கி வழுக்கி வர வேண்டும், அதற்கு அதன் நீளத்தைப்போல மூன்று மடங்கு உயரமாவது வேண்டும். தோலுரிக்கும் நேரத்தில் அது பச்சைக் குழந்தை. ஈர இலை மாதிரி இருக்கும், ஓடவும் முடியாது, அடிக்கவும் முடியாது.

அன்று இரவு கொசுவலையின் மேலேயே பிரஷ்ஷால் இரண்டு இழுப்பு தேன் தண்ணீர் தடவிவிட்டுத் தூங்கப் போனேன். தானாக வந்து நக்கிக்கொள்ளட்டும் என்று ஒரு சௌகரியம். காலையில் ஜன்னல் சட்டத்திலிருந்து அலமாரி வரை ஒரு கறுப்புக் கோடு. கோடு ஒரு டப்பாவின் வலை வழியாக உள்ளே போனது. உள்ளே பூச்சி பாதித் தோலுக்குள்ளும் பாதி வெளியிலுமாகத் தொங்கிக்கொண்டிருந்தது, மேலே எறும்பு மொய்த்திருந்தது. எறும்பு தேனுக்குத்தான் வந்திருக்கும். வந்த இடத்தில் கறிவிருந்தும் கிடைத்துவிட்டது.

நம் சமையலறையில் சர்க்கரை டப்பாவைத் தண்ணீர்த் தட்டில் வைக்கிற புத்தி எனக்கு ஏன் அதற்கு முன்பு வரவில்லை என்று தெரியவில்லை. அன்றே எல்லா டப்பாக்களையும் ஒரு பலகையில் ஏற்றி, பலகையை நாலு டம்ளர்மேல் நிறுத்தி, ஒவ்வொரு டம்ளரையும் தண்ணீர் ஊற்றிய கிண்ணத்தில் வைத்தேன். தண்ணீரில் பாத்திரம் தேய்க்கும் திரவம் ஒரு சொட்டு. சோப்பு இல்லாத தண்ணீரில் பொடி எறும்பு மிதந்தே கரையேறிவிடுகிறது. கொசு முட்டை வைக்காமல் இருக்க இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றினேன். பலகை சுவரைத் தொடக்கூடாது, திரைச்சீலை பலகையைத் தொடக்கூடாது. இதற்குப் பிறகு எறும்பு வரவில்லை. டப்பாவுக்குள் தேன் சொட்டு விடுவதையும் அன்றோடு நிறுத்தினேன். இனிப்பு எதுவானாலும் பூச்சியை வெளியே எடுத்து, கையில் வைத்து, கொடுத்து, வாயை ஈர பிரஷ்ஷால் துடைத்து, திரும்ப உள்ளே.

மே மாதம். அக்னி நட்சத்திரம். ஒரு மதியம் மின்சாரம் போய் மூன்று மணி நேரம் வரவில்லை, அறைக்குள் தெர்மாமீட்டர் 39 காட்டியது. பெண் பூச்சிகளில் பெரியது (வீட்டில் அதற்குப் பெயர் பெரியவள்) டப்பாவின் தரையில் சாய்ந்து கிடந்தது. வயிறு தட்டையாக, சுருங்கிய பலூன் மாதிரி. பதறிப்போய் தேன் தண்ணீரை வாயில் வைத்தேன். முதலில் அசைவில்லை. பிறகு வாயோரத்தில் தொங்கும் குட்டி விரல் மாதிரியான உணரிகள் மெதுவாகத் துடித்தன. தாடை அசைந்தது. அரை மணி நேரத்தில் எழுந்து வலைக்கு ஏறிவிட்டது.

அம்மா இதைத் தெரு முழுக்கச் சொன்னாள். தேன் கொடுத்து உயிர் வந்த கதையாக அது வளர்ந்தது. நானும் நம்பினேன். தினமும் மாலை தேன் என்று வழக்கமாக்கினேன். பூச்சிகள் நன்றாகத்தான் குடித்தன. ஆனால் இரையில் அக்கறை குறைந்தது. பின்பக்கத்துக் காலி மனையில் பிடித்துவரும் வெட்டுக்கிளியை விட்டால், தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு மடக்கிய கையோடு அப்படியே நின்றன. வெயிலினால் என்று நினைத்தேன்.

ஜூனில் ஒரு சந்தேகம் வந்தது. அன்று உயிர் கொடுத்தது தேனா, தேனோடு போன தண்ணீரா?

நகை எடை போடும் சின்னத் தராசு ஒன்று வாங்கினேன், ஒரு கிராமில் நூறில் ஒரு பங்குவரை காட்டும். பெரியவளும் சின்னவளும் இரண்டு நாள் இடைவெளியில் தோலுரித்திருந்தார்கள், கிட்டத்தட்ட ஒரே அளவு. (பெண் என்று எப்படித் தெரியும் என்றால், வயிற்றின் அடிப்பக்கத்தில் கண்டங்களை எண்ண வேண்டும். பெண்ணுக்கு ஆறு, ஆணுக்கு எட்டு.) மூன்று நாள் பெரியவளுக்கு வெறும் தண்ணீர், சின்னவளுக்குத் தேன் தண்ணீர், ஒரே பிரஷ் அளவில், போதும் என்று முகத்தைத் திருப்பும்வரை. மூன்று நாளும் இரை இல்லை.

முதல் நாள் மாலை பெரியவள் 1.38 கிராமிலிருந்து 1.47. சின்னவள் 1.31-லிருந்து 1.41. அடுத்த நாள் காலை 1.43, 1.36. வயிறு இரண்டுக்கும் ஒரே மாதிரி நிமிர்ந்தது, சுறுசுறுப்பிலும் வித்தியாசம் தெரியவில்லை. நாலாம் நாள் காலை இரண்டுக்கும் ஒரே அளவு வெட்டுக்கிளி. பெரியவள் ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை. பிடித்து, கழுத்தருகே கடித்துத் தொடங்கி, சிறகை மட்டும் மிச்சம் வைத்தாள். சின்னவள் வேடிக்கை பார்த்தாள். மறுநாள் மாலைதான் சாப்பிட்டாள். அடுத்த வாரம் மாற்றிக் கொடுத்தேன். இப்போது பெரியவள் வேடிக்கை பார்த்தாள், சின்னவள் பாய்ந்தாள்.

இரண்டே பூச்சி, இரண்டே வாரம். இதை வைத்துச் சட்டம் எழுதப்போவதில்லை. ஆனால் என் அலமாரிக்கு இது போதும். வெயிலில் சாய்ந்த பூச்சிக்கு வேண்டியது தண்ணீர். தேனைக் கொடுத்தால் அதுவும் தண்ணீர்தான் கொடுக்கிறது, கூடவே பசியை மழுக்குகிறது. தினத் தேனை நிறுத்தி, காலையும் மாலையும் சலூனில் தலைக்கு அடிக்கிற ஸ்பிரே பாட்டிலால் வலையில் தண்ணீர் அடிக்கத் தொடங்கினேன். வலையில் நிற்கும் முத்து முத்தான துளிகளை அவையே தேடி வந்து குடித்தன. ஒரு வாரத்தில், மிச்சமிருந்த மூன்று பூச்சிகளும் பழையபடி வேட்டையாடின. அம்மாவிடம் இந்த முடிவைச் சொல்லவில்லை. தெருவில் கதை நன்றாகப் போய்க்கொண்டிருந்தது.

அப்படியானால் தேன் எதற்குமே ஆகாதா என்றால், ஜூலையில் அதற்கும் ஒரு வேலை வந்தது.

சின்னவள் இறக்கை முளைப்பதற்கு முந்தைய தோலுரிப்பில் சிக்கிக்கொண்டாள். இரவில் காற்று வறண்டிருந்தது, நானும் தண்ணீர் அடிக்க மறந்திருந்தேன். காலையில் பார்த்தால் வலது முன்னங்கால் முழங்கையிடம் கோணி, வில் மாதிரி வளைந்து இறுகிவிட்டது. இரையை இடுக்கும் முள் வரிசைகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. ஒரு கையால் வெட்டுக்கிளியை அடிப்பாள், அது உதைத்துவிட்டுப் போய்விடும். நாலைந்து தரம் தோற்றபின் முயல்வதையே விட்டுவிட்டாள்.

கையால் ஊட்ட வேண்டியதாயிற்று. வெட்டுக்கிளியைக் கொன்று, வயிற்றைக் கத்தரித்து, இடுக்கியில் பிடித்து வாயருகே கொண்டுபோனால் தலையைப் பின்னால் இழுத்துக்கொள்வாள். அசையாத இரை அவளுக்கு இரையே இல்லை. ஆட்டிக் காட்டினால் பயந்து பின்வாங்குவாள். இரண்டு நாள் இப்படியே போனது.

மூன்றாம் நாள் இரவு, டியூப்லைட்டை அணைத்துவிட்டு மேசை விளக்கு மட்டும். பகலில் பச்சையாக இருக்கும் கண்கள் கறுத்திருந்தன. இருட்டில் அப்படித்தான் ஆகும். பிரஷ்ஷில் தேன் தண்ணீர் எடுத்து உதட்டுக்குக் கீழே மெதுவாகத் தொட்டேன். உணரிகள் நாலும் ஒரே சமயத்தில் துடித்தன, பசு மாட்டின் மூக்கில் ஈ உட்கார்ந்தால் தோல் சிலிர்க்குமே, அது மாதிரி. பிறகு தாடைகள். நம்முடையது போல மேலும் கீழுமாக இல்லை, பக்கவாட்டில், பாக்குவெட்டியைப் படுக்க வைத்துத் திறந்து மூடுவது போல. நல்ல கையால் பிரஷ்ஷைப் பிடித்து இழுத்தாள். துளி தீர்ந்தும் வாய் நிற்கவில்லை, வெறும் முடியை மென்றுகொண்டிருந்தாள். அந்த நேரத்தில் பிரஷ்ஷைச் சட்டென்று விலக்கி, வெட்டுக்கிளியின் அறுத்த வயிற்றை அதே இடத்தில் வைத்தேன். வாய் ஓடிக்கொண்டிருந்ததால் அப்படியே கடித்தாள். முதல் கடியில் ஈரம் வாயில் பட்டதும் தலை ஒரு கணம் நின்றது. பிறகு இடுக்கியிலிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

இந்த வித்தை வெளிநாட்டில் வளர்ப்பவர்கள் ரொம்ப நாளாகச் செய்வதுதான், நான் கண்டுபிடித்ததல்ல. ஆனால் அளவு முக்கியம். தேனைத் துளித்துளியாக நாலைந்து தரம் கொடுத்தால் வயிறு நிறைந்து, அப்புறம் கறியைத் தொடாது. ஒரே தொடல், வாய் அசைந்த நொடியில் மாற்றம். தாமதித்தால் முகத்தைக் கழுவ ஆரம்பித்துவிடும். முன்னங்காலை வாயிடம் கொண்டுவந்து, முள் முள்ளாகச் சுத்தம் செய்து, பூனை மாதிரி கண்ணைத் துடைத்துக்கொள்ளும். அது தொடங்கினால் அன்றைய சாப்பாடு முடிந்தது என்று அர்த்தம்.

இப்படி மூன்று வாரம் ஊட்டினேன். கடைசித் தோலுரிப்பில் கை முக்கால்வாசி நேரானது. அதன்பின் தானாகவே விட்டில்பூச்சி பிடித்தாள்.

மற்ற இனிப்புகளையும் இடையிடையே சோதித்தேன். விறுவிறுவென்று சொல்லிவிடுகிறேன்.

வெல்லத் தண்ணீர்: குடித்தன, தேன் அளவு விருப்பமில்லை. வடிகட்டாமல் கொடுத்தால் மண்ணும் தூசியும் பிரஷ்ஷில் நிற்கும். பனங்கற்கண்டு: அதே கதை, செலவு அதிகம். குளுக்கோஸ் பொடி: பெரியவள் ஒரு வாய் வைத்துவிட்டுத் தலையை உதறினாள். அது எலுமிச்சை வாசனை போட்ட பாக்கெட் என்று பிறகுதான் கவனித்தேன்.

பூவன் பழம்: இடுக்கியில் வைத்து அசைத்துக் காட்டினால் கைப்பற்றித் தின்னும், ஒரு உளுந்து அளவு. ஆண் பூச்சி அதில் ஒரு வெறியோடுதான் இருந்தது. ஆனால் மறுநாள் எச்சம் வேறு மாதிரி. எப்போதும் கருமிளகு போல உலர்ந்து விழுவது, அன்று தரையில் ஈரக்கறையாக ஒட்டியிருந்தது. மூன்று தரம் கொடுத்தேன், மூன்று தரமும் அப்படியே. நிறுத்திவிட்டேன். மாம்பழம் கொடுக்கவே இல்லை. சீசன் முடிந்திருந்தது, இருந்திருந்தாலும் தோலில் என்ன தெளித்திருக்கிறார்களோ என்ற பயம்.

சர்க்கரை நோய்க்காரர்கள் டீயில் போடும் இனிப்புப் பொடி: இதைச் சோதிக்கவில்லை, நீங்களும் வேண்டாம். அப்பாவின் டப்பாவில் எரித்ரிட்டால் என்று எழுதியிருந்தது. அமெரிக்காவின் ட்ரெக்ஸல் பல்கலைக்கழகத்தில் 2014-ல் இதைப் பழ ஈக்களுக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். சாதாரண உணவு தின்ற ஈக்கள் ஒரு மாதத்துக்கு மேல் வாழ, இது கலந்ததைத் தின்றவை சராசரியாக ஆறு நாளைத் தாண்டவில்லை. ஒரு பள்ளிச் சிறுவனின் அறிவியல் கண்காட்சிச் சோதனையிலிருந்து தொடங்கிய ஆய்வு அது. மனிதனுக்குப் பத்தியம், ஈக்கு விஷம்.

இன்னொரு எச்சரிக்கையும் இனிப்போடு சேர்ந்ததுதான். வீட்டுக் கரப்பான்பூச்சியைப் பிடித்துக் கும்பிடுபூச்சிக்குப் போடாதீர்கள். இப்போது கரப்பானுக்கு வைக்கும் ஜெல் மருந்துகளில் கரப்பானுக்குப் பிடித்த தீனியோடுதான் விஷத்தைக் கலக்கிறார்கள். நம் வீட்டில் வைக்காவிட்டாலும் பக்கத்து வீட்டில் வைத்திருப்பார்கள், கரப்பானுக்கு வாசல்படி கணக்கில்லை.

பூச்சி இனிப்பை ஏன் இப்படிக் குடிக்கிறது என்பதற்கு நான் சொல்லிக்கொள்ளும் பதில் தேனீ. செம்பருத்தியில் விட்ட குஞ்சுகளில் ஒன்று செப்டம்பரில் பெரிதாகி, அதே வேலியோரத் துளசியில் தேனீ பிடிப்பதைப் பார்த்தேன். தலையிலிருந்து தின்று வயிற்றுக்கு வந்ததும் வேகத்தைக் குறைத்து நக்கியது. தேனீயின் வயிற்றுக்குள் பூந்தேன் சேர்க்கும் ஒரு பை உண்டு, கறியோடு அதுவும் போகிறது. கும்பிடுபூச்சி இரையைப் பற்றி நாம் நினைப்பதைவிடத் தாராள மனசுக்காரன். கர்நாடகத்தில் ஒரு மொட்டை மாடித் தோட்டத்தில், இதே ஹைரோடூலா இனத்து ஆண் ஒன்று தொட்டியிலிருந்து ஐந்து நாளில் ஒன்பது கப்பி மீன் பிடித்துத் தின்றதை 2018-ல் ஆய்வுக் கட்டுரையாகவே எழுதியிருக்கிறார்கள். மீனையே விடாதவன் தேனை விடுவானா?

தேனீயைப் பார்த்த அன்றிலிருந்துதான் வழி மாறியது. இனிப்பைப் பூச்சிக்குக் கொடுப்பதற்குப் பதிலாக இரைக்குக் கொடுத்தேன். ஈ வளர்ப்பு பாட்டிலில் இப்போது நான் போடுவது: நன்றாகக் கனிந்த பூவன் ஒன்று, தூள் வெல்லம் ஒரு தேக்கரண்டி, ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட் ஒரு சிட்டிகை, பூஞ்சை வராமல் இருக்க வினிகர் அரைக் கரண்டி. பிசைந்து அடியில் பரப்பி, புழு ஏறிக் கூடு கட்டக் கசக்கிய காகிதம். வாயில் துணி. பாட்டில் சோப்புத் தண்ணீர்த் தட்டில். வெயில் காலத்தில் அலமாரியின் கீழ்த்தட்டு, அல்லது மண்பானைக்குப் பக்கம். அறை 30 டிகிரியைத் தாண்டினால் ஈ இனப்பெருக்கம் படுத்துவிடுகிறது. வெட்டுக்கிளிக்குப் பிடித்த நாளே மரணம் இல்லை. ஒரு நாள் புல்லும் கேரட் துண்டும் கொடுத்து, வயிறு நிறைந்தபின்தான். ஈயின் வயிற்றைப் பார்த்தாலே தெரியும், வெல்லம் தின்றது பளபளவென்று உப்பியிருக்கும்.

ஆகஸ்ட் கடைசியில் ஆணைப் பெரியவளின் கூண்டில் விட்டேன். அதற்கு முன் நாலு நாள் அவளுக்குப் பெருந்தீனி, விடும்போது கையில் ஒரு வெட்டுக்கிளி. கல்யாணச் சாப்பாடு முடிவதற்குள் மாப்பிள்ளை வேலையை முடித்துக்கொண்டு, நான் நீட்டிய குச்சியில் ஏறித் தப்பிவிட்டான். அவள் நாலு முட்டைக்கூடு வைத்தாள். ஒவ்வொன்றுக்குப் பிறகும் ஒட்டிய வயிறோடு இரண்டு நாள் கண்டதையெல்லாம் தின்றாள். அந்த நேரத்தில் ஒரு தரம் தேன் நீட்டிப் பார்த்தேன். பிரஷ்ஷை ஒரு அடி அடித்து, மென்று, துப்பிவிட்டு, இடுக்கி வைத்திருக்கும் கையையே பார்த்தாள்.

சின்னவளுக்கு அக்டோபரில் மூப்பு வந்தது. பாத நுனிகள் ஒவ்வொன்றாக உதிர்ந்து வலையில் பிடிப்பு இல்லை, கண்ணில் கறுப்புப் புள்ளி. அந்த மூன்று வாரமும் தினம் மாலை தேன் கொடுத்தேன். கறி வேண்டாம் என்று தலையைத் திருப்பினாள், தேனுக்கு மட்டும் உணரிகள் அசைந்தன. எடைத் தராசு, அட்டவணை எதுவும் அப்போது எடுக்கவில்லை. நவம்பர் முதல் வாரத்தில், பிரஷ் வாயில் இருக்கும்போதே நின்றுபோனது. கறிவேப்பிலை மரத்தடியில் வைத்தேன். எறும்பு வந்தது.

முட்டைக்கூடு நாலில் இரண்டை மரத்தில் கட்டிவிட்டேன், இரண்டு ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருக்கின்றன. இந்த முறை ஈ பாட்டில்கள் ஐந்து, ஒன்றுக்கொன்று நாலு நாள் இடைவெளியில் ஆரம்பித்தவை. நேற்று அம்மா அலமாரியைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்:

"எப்படா பொரிக்கும்? சேனைக்குத் தேன் எடுத்து வைக்கட்டுமா?"

"சேனை ஈக்கு வச்சாச்சும்மா."

பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். அடியில் வெல்லம் கரைந்து பழுப்பாக இருந்தது, அதன்மேல் புழுக்கள் நெளிந்தன. முகத்தைச் சுளித்து, தட்டிலேயே திருப்பி வைத்தாள், தண்ணீர் சிந்தாமல்.